பென்சில் ஓடும்போது "ஏன்?" என்று கேட்காதீர்கள்

கேள்வி: ஐயா, நான் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாழ்க்கைக் கணக்குகளை எப்படி யோசித்துப் போடுகிறார்கள் என்பது தலைப்பு. அதற்குத் திங்க் அலவுட் முறையை, அதாவது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடவைக்கும் முறையை, எடுத்துக்கொண்டேன். முழு ஆய்வை ஆறு பிள்ளைகளிடம் செய்வதாகத் திட்டம். பைலட்டாக (முன்னோட்டமாக) என் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரிடம் செய்து பார்த்தேன். கணக்கைச் சத்தமாகப் படிக்கிறார்கள், அப்புறம் வாயே திறப்பதில்லை. "என்ன யோசிக்கிறே?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல மிஸ்" என்கிறார்கள். ஒரு பையனிடம் மட்டும் கொஞ்சம் பேச்சு வந்தது. "ஒருவர் ஒரு சைக்கிளை 4,500 ரூபாய்க்கு விற்றதில் 10 சதவீதம் நட்டம், வாங்கிய விலை என்ன?" என்ற கணக்குக்கு 4,950 என்று போட்டான். போடும்போது "போன கணக்குல கழிச்சோம்ல, அப்ப இதுல கூட்டணும்" என்று முணுமுணுத்தது பதிவில் இருக்கிறது. நான் "ஏன் கூட்டினே?" என்று கேட்டதும் "நட்டம்னா வாங்குன விலை அதிகமா இருக்கும்ல மிஸ்" என்றான். இந்த இரண்டில் எதை எடுத்துக்கொள்வது? ஆய்வுக் குழுவில் ஒருவர், "ஆறு பிள்ளைங்க பேசினதை வச்சு என்ன ஆராய்ச்சி, ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணி 200 பேர்கிட்ட வாங்குங்க" என்கிறார். பதிவை எழுதும்போது பேச்சுத் தமிழை அப்படியே எழுதுவதா, திருத்துவதா என்றும் தெரியவில்லை.

பதில்: டீச்சர், அந்த சைக்கிள் பையனிடமிருந்தே ஆரம்பிக்கிறேன், உங்கள் ஆய்வு முழுக்க அவனுடைய இரண்டு வரியில்தான் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது என்றால், முணுமுணுத்ததை. நீங்கள் கேட்டபிறகு சொன்னது நல்ல பதில்தான். நட்டம் வந்தால் வாங்கிய விலை கூடுதலாக இருக்கும் என்பது சரி, பத்து சதவீதத்தை எதன்மேல் கணக்கிடுவது என்பதில்தான் அவன் சறுக்கினான். ஆனால் பென்சில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் காரணம் அவன் மனதில் இருந்ததற்குப் பதிவில் தடயம் இல்லை. இருந்திருக்கலாம், சொல்லாமல் விட்டிருக்கலாம், நம் கையில் சான்று இல்லை, அவ்வளவுதான். கையில் இருப்பது "போன கணக்கு கழித்தல், இது கூட்டல்". பயிற்சியில் லாபமும் நட்டமும் மாறி மாறித்தான் வரும் என்று எட்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை எப்போதோ கண்டுபிடித்திருக்கும். பாடப்புத்தகத்தின் அடுக்கைப் படித்தே விடை போடுகிறான் பாருங்கள், இது விடைத்தாளில் தெரியாது, 200 பேருடைய கேள்வித்தாளிலும் தெரியாது. பைலட் சொதப்பிவிட்டது என்று நீங்கள் நினைத்தால், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்த முறைக்கு முறையான அடித்தளம் போட்டவர்கள் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும். 1980-இல் ஒரு கட்டுரை, 1984-இல் ஒரு தடித்த புத்தகம். (சைமன் 1978-இல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர்தான், ஆனால் மனிதர்கள் புதிர் போடும்போது வாய்விட்டுச் சொல்வதைப் பல வருடம் பதிவு செய்து உட்கார்ந்து படித்தவர்.) அவர்கள் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி: ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மனதில் அந்த நிமிடம் கையிருப்பாக என்ன இருக்கிறதோ அதைத்தான் ஒருவரால் நம்பகமாகச் சொல்ல முடியும். ஏற்கெனவே சொற்களாக ஓடுவதைச் சத்தமாகச் சொல்வது ஒரு நிலை. படமாகவோ வேறு விதமாகவோ ஓடுவதைச் சொல்லாக்கிச் சொல்வது அடுத்த நிலை, கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் யோசனையின் போக்கு மாறாது. மூன்றாவது நிலை, செய்வதற்குக் காரணம் சொல்வது. அங்கேதான் சிக்கல். காரணம் சொல்லப் புறப்பட்டதும் மனம் பழைய வேலையை விட்டுவிட்டுப் புது வேலையில் இறங்கிவிடுகிறது. உங்கள் "ஏன்?" அந்தப் பையனை மூன்றாவது நிலைக்குத் தள்ளியது.

காரணம் கேட்டால் மனிதர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள், அதுவும் ஒரு தொல்லை. 1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையைப் பற்றி எழுதினார்கள். கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு அசல் ஒன்றேதான். இடது ஓரத்தில் இருந்ததைவிட வலது ஓரத்தில் இருந்ததைக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பேர் எடுத்தார்கள். காரணம் கேட்டால், வைத்திருந்த இடம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நம் ஊர்ப் புடவைக் கடையில் செய்திருந்தால் "இதுல பார்டர் எடுப்பா இருக்கு" என்றிருப்பார்கள், மனதாரத்தான் சொல்லியிருப்பார்கள். உங்கள் பையனும் பொய் சொல்லவில்லை. கேட்டதும் ஒரு நியாயமான காரணத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

சரி, "ஏன்?" என்று கேட்பது கெட்ட பழக்கமா? வகுப்பில் அதைவிட நல்ல பழக்கம் கிடையாது. மிஷெலின் சீயும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல், உங்களைப் போலவே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், இரத்த ஓட்டம் பற்றிய பாடத்தைக் கொடுத்து ஒரு பிரிவை ஒவ்வொரு வரிக்கும் தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டே படிக்கச் சொன்னார்கள், இன்னொரு பிரிவை அதே பாடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். விளக்கம் சொல்லிப் படித்தவர்களுக்குத்தான் பாடம் நன்றாகப் புரிந்திருந்தது. 2011-இல் மார்க் ஃபாக்ஸ், எரிக்சன், ரயன் பெஸ்ட் மூவரும் 94 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 3,500 பேருடைய முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மனதில் ஓடுவதை அப்படியே சொல்லிக்கொண்டு போட்டால் நேரம் கூடுமே தவிர விடை தரத்தில் மாற்றம் இல்லை, விளக்கிச் சொல்லச் சொன்னால் விடை மேம்படுகிறது என்பது அவர்கள் கண்டது. ஆக, நீங்கள் ஆசிரியையாகச் செய்யும் சரியான காரியம் ஆய்வாளராகச் செய்தால் அளக்க வந்த பொருளையே மாற்றிவிடுகிறது. இருபது வருடப் பழக்கத்தை அரை மணி நேரம் அடக்கி வைப்பது லேசு இல்லை, தெரியும். நானும் ஆசிரியராக இருந்து வந்தவன்தான். முதல் களப்பணியில் நான் கேள்வியே கேட்கவில்லை என்று பெருமையாக இருந்தேன். பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தச் சிறுமி ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு கணம் நிற்கிறாள், நான் "ம்" என்கிறேன், அவள் தொடர்கிறாள். ஓரிடத்தில் நான் "ம்" சொல்லவில்லை. உடனே அடித்துவிட்டு வேறு மாதிரி போட்டாள். அந்தப் பதிவில் இருந்தது அவள் யோசனையா, என் யோசனையா?

இனி, வாயே திறக்காத மற்ற மூன்று பேர். "என்ன யோசிக்கிறே?" என்று கேட்டேன் என்கிறீர்கள். நம் வகுப்பறையில் அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்? பிள்ளை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் கேட்பது அது. "ஒண்ணும் இல்ல மிஸ்" என்பது அதற்குப் பழகிப்போன பதில். அதேபோல "ஏன் இப்படிப் போட்டே?" என்றால் "தப்பாப் போட்டுட்டே" என்று அர்த்தம். அந்தக் கேள்வி கேட்டதும் பிள்ளையின் கை எங்கே போகிறது என்று அடுத்த தடவை பாருங்கள், ரப்பருக்குத்தான் போகும். அதனாலேயே நான் பென்சில் கொடுப்பதில்லை, பேனாதான். அடித்தால் அடித்தது தெரியும், அழித்தால் எதுவும் தெரியாது.

முடிந்தால் சொந்த வகுப்புப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். மார்க் போடுகிற மிஸ் எதிரில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளையும் மனதில் ஓடுவதைச் சொல்லாது, மிஸ்ஸுக்குப் பிடித்ததைத்தான் சொல்லும். பக்கத்துப் பள்ளியில் அனுமதி வாங்கிச் செய்யலாம். வேறு வழியே இல்லையென்றால் அடுத்த பிரிவுப் பிள்ளைகளை எடுங்கள். எதிரே உட்காராதீர்கள், பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி உட்காருங்கள், முகம் பார்க்க முடியாத இடத்தில். நம் முகத்தைத்தான் அவர்கள் படிக்கிறார்கள்.

அப்புறம் பழக்கிவிடுவது. பலர் இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு நேராக ஆய்வுக் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். வாய்விட்டு யோசிப்பது யாருக்கும் தானாக வருவதில்லை. எரிக்சனும் சைமனும் பழக்குவதற்கு வைத்திருந்தவை: 24-ஐ 36-ஆல் மனக்கணக்காகப் பெருக்குவது, இருபது விலங்குகளின் பெயர் சொல்வது, பெற்றோர் வீட்டில் எத்தனை ஜன்னல் என்று மனதுக்குள் சுற்றி வந்து எண்ணுவது. இந்த ஜன்னல் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் பிள்ளை ஒருவனிடம் கேட்டேன். "ஒண்ணு சார்" என்றான், வேலை முடிந்தது. ஒற்றை அறை வீடு. அதற்கப்புறம் "பஸ் ஸ்டாப்பிலிருந்து உங்க வீடு வரைக்கும் எத்தனை கடை இருக்கு?" என்று மாற்றிக்கொண்டேன். அது அருமையாக வேலை செய்கிறது. "மொதல்ல டீக்கடை, அப்புறம் சலூன், அது பூட்டிட்டாங்க, அதச் சேக்கணுமா..." என்று அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். "இப்படித்தான், இதே மாதிரி கணக்குக்கும்" என்று சொன்னால் போதும். பெருக்கல் கணக்கை நீங்களே ஒரு தடவை வாய்விட்டுப் போட்டுக் காட்டலாம், ஆனால் ஆய்வில் வரும் மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டாதீர்கள், உங்கள் வழி அவர்களிடம் ஒட்டிக்கொள்ளும்.

அறிவுரை வாசகம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் அதையே சொல்லுங்கள். நான் சொல்வது: "நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோ. கணக்குப் போடும்போது மனசுல என்ன ஓடுதோ அத அப்படியே சொல்லிக்கிட்டே போடு. எனக்குப் புரியணும்னு சொல்ல வேணாம், எனக்கு விளக்க வேணாம். தப்பு, சரி பத்திக் கவலை இல்ல." பிள்ளை அமைதியாகிவிட்டால் பதினைந்து, இருபது நொடி பொறுத்து "பேசிக்கிட்டே போடு" என்று தாழ்ந்த குரலில் ஒரு தடவை சொல்லுங்கள். கேள்வி வேண்டாம். கேள்வி என்றால் பதில் தேட வேண்டும், "பேசிக்கிட்டே போடு" என்றால் விட்ட இடத்திலிருந்து வாய் மட்டும் திறந்தால் போதும்.

அப்படியும் பேசவில்லையென்றால் கணக்கைச் சந்தேகப்படுங்கள். கணக்கு ரொம்ப எளிதென்றால் சொல்வதற்கு எதுவும் இருக்காது, ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை எப்படி யோசித்தாய் என்று என்னைக் கேட்டால் நானும் முழிப்பேன், வாய்ப்பாடு தானாக வருகிறது. ரொம்பக் கடினமென்றால் கணக்கே மனதை முழுக்க அடைத்துக்கொள்ளும், பேச இடம் இருக்காது. உங்கள் பைலட் கணக்குகளை நடுத்தரமாக மாற்றிப் பாருங்கள். நடுவில் திடீரென்று நிற்கும் மௌனத்தைத் தூக்கி எறியாதீர்கள், எழுத்துப் பிரதியில் "(14 நொடி)" என்று எழுதுங்கள். எந்தச் சொல்லுக்குப் பிறகு அந்தப் பதினான்கு நொடி வந்தது என்பதில் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு, கணிதக் கல்வி ஆய்வாளர் ஆலன் ஷோன்ஃபெல்ட் செய்ததுபோல இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைக்கலாம். நண்பனிடம் பேசுவது இயல்பாக வரும், ஆய்வாளர் இருப்பதே மறந்துபோகும். அவர் கல்லூரி மாணவர்களை அப்படிப் பதிவு செய்து, கணக்கைப் படித்த கையோடு ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு அது எங்கும் போகவில்லை என்று தெரிந்தும் நேரம் முடியும்வரை அதிலேயே ஓடுகிறார்கள் என்று காட்டினார். ஆனால் ஒருவன் கெட்டிக்காரனாக இருந்தால் மற்றவன் எழுத்தராகிவிடுவான், உங்களுக்கு ஒருவனுடைய யோசனைதான் கிடைக்கும். அதுவும் தனியாக யோசித்தது ஆகாது, அடுத்தவனுக்காகப் பேசியது. ஆய்வேட்டில் இதைச் சொல்லிவிட்டுச் செய்யலாம்.

"ஏன்" கேட்காமல் இருந்தால் தரவு போதாதே என்ற பயம் வரும். கேளுங்கள், ஆனால் எல்லாக் கணக்கும் முடிந்தபிறகு, தனியாக. அதற்கு ஆன் நியூமன் 1977-இல் வகுத்த வரிசை கணக்கு ஆசிரியர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்: கணக்கைப் படிக்கத் தெரிந்ததா, எதைக் கேட்கிறது என்று புரிந்ததா, எந்தச் செயலைச் செய்வது என்று மாற்றத் தெரிந்ததா, அதைச் செய்யத் தெரிந்ததா, விடையை உரிய வடிவில் எழுதத் தெரிந்ததா. நியூமன் பேட்டியில் கிடைப்பதை ஒரு நிறத்திலும் வாய்விட்டு யோசித்ததில் கிடைத்ததை வேறு நிறத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து "மாணவர் கூறினார்" என்று ஒரே வாக்கியத்தில் போடுவதை நிறைய ஆய்வேடுகளில் பார்க்கிறேன், அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. உங்கள் சைக்கிள் பையனிடம் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதே ஒரு கண்டுபிடிப்பு, அதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

ஆறு பேர் போதுமா என்ற குழு உறுப்பினரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் கேட்பது வேறு கேள்விக்கான பதில். எத்தனை சதவீதப் பிள்ளைகள் இப்படித் தவறுகிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் 200 பேர்தான் வேண்டும், 200-கூடப் போதாது. எப்படித் தவறுகிறார்கள் என்பதற்கு ஆறு பேர் நிறைய வேலை வைப்பார்கள். சாம் வைன்பர்க் 1991-இல் எட்டு வரலாற்றாளர்களையும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் மட்டும் உட்கார வைத்து, அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கமான 1775 லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களை வாய்விட்டு யோசித்தபடி படிக்கச் சொன்னார். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரிவரை போனார்கள், வரலாற்றாளர்கள் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று முதலில் அடியில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தார்கள். வரலாறு கற்பிப்பது பற்றிய பேச்சையே அந்தப் பதினாறு பேர் திருப்பிவிட்டார்கள். கணக்கிலோ ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973-இல் பென்னி என்ற ஒரே ஒரு பையனிடம் பேசி எழுதினார். தானாகப் படித்துத் தேர்வு எழுதி முன்னேறும் திட்டத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை என்று ஆசிரியை நினைத்த அந்தப் பையன், பத்தில் இரண்டு பங்கைத் தசமத்தில் 1.2 என்று எழுதுகிறான், இரண்டையும் பத்தையும் கூட்டிப் புள்ளி வைத்து. அவனுக்கென்று ஒரு முழு விதித் தொகுப்பே இருந்தது. அது திங்க் அலவுட் இல்லை, நேர்காணல்தான், ஆனாலும் அடுத்த கூட்டத்துக்கு இந்த இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். அதோடு "எட்டாம் வகுப்பு மாணவர்கள்" என்று முடிவுரையில் பொதுவாக எழுதமாட்டேன், "இந்த ஆறு மாணவர்கள்" என்றுதான் எழுதுவேன் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும்.

எழுத்துப் பிரதியைத் திருத்தவே திருத்தாதீர்கள். "அப்ப இதுல கூட்டணும்" என்பதை "எனவே இதில் கூட்ட வேண்டும்" என்று எழுதினால் ஒரு கணிதப் பேராசிரியர் பேசுகிறார். அந்த "அப்ப"வில் ஒரு ஊகம் இருக்கிறது, "எனவே"யில் ஒரு தருக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, பையன் தருக்கம் பேசவில்லை. "ம்ம்", "அய்யய்யோ", "இல்ல இல்ல" எல்லாம் இருக்கட்டும், மனம் மாறிய இடம் அதுதான். பிள்ளை "ப்ராஃபிட்" என்றால் ப்ராஃபிட், "லாபம்" என்றால் லாபம். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் யோசித்து மறுபடி ஆங்கிலத்தில் எழுதும், எந்த இடத்தில் மொழி மாறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டே போங்கள், எந்த மொழியிலும் பேசலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். "ஆங்கிலத்திலேயே பேசு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை பேசவில்லை என்று எழுதிய ஒரு ஆய்வேட்டை நான் மதிப்பிட நேர்ந்தது, அதைப் பற்றி இன்னொரு நாள்.

கருவி பெரிதாக வேண்டாம். ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டித் தாளுக்கு நேர் மேலே வையுங்கள், கையும் பேனாவும் குரலும் மட்டும் பதிவாகட்டும். முகம் வராது என்றால் பெற்றோர் சம்மதம் வாங்குவதும் எளிது. "இதுல", "இத அங்க போட்டு" என்று பிள்ளைகள் பேசும்போது எதைச் சொல்கிறார்கள் என்பது பேனா நுனியைப் பார்த்தால்தான் புரியும், வெறும் குரலில் புரியாது. பதிவு செய்த அன்று இரவே எழுதிவிடுங்கள், இருபது நிமிடப் பதிவுக்கு எனக்கு ஒரு முழு மாலை போகும். பிள்ளை பேசியதைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த வகை யோசனை என்று குறியிடுவதில் இரண்டு பிரதிகளையாவது வேறொரு கணக்கு ஆசிரியரிடம் கொடுத்துத் தனியாகச் செய்யச் சொல்லுங்கள், ஒத்துப்போகாத இடங்களில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஒன்று பாக்கி. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்திருக்கும்போது "மிஸ், சரியா?" என்று கேட்கும். அன்றைக்கு விடை சொல்லாதீர்கள், மதியச் சாப்பாட்டுக்குள் மற்ற ஐந்து பேருக்கும் போய்விடும். "எல்லாரும் முடிச்சப்புறம் சொல்றேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி சொல்லவும் செய்யுங்கள். 4,950 போட்ட பையனுக்கு 5,000 எப்படி வருகிறது என்று நீங்கள் காட்டிக்கொடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. பைலட் முடிந்துவிட்டது, இனி அவன் உங்கள் ஆய்வில் இல்லை, உங்கள் மாணவன் மட்டும்தான். நாளைக்கே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, எத்தனை "ஏன்" வேண்டுமானாலும் கேளுங்கள்.